பள்ளிக்கூடத்தின் மகஜர்

இராமேசுவர யாத்திரைப் பாதையிலே தம் முன்னோர் எழுப்பிய சத்திரங்களைக் குறித்து, தஞ்சையின் இரண்டாம் சரபோஜி மன்னர் 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. 1799ஆம் ஆண்டின் உடன்படிக்கையினால் இராஜ்யத்தின் பரிபாலனம் முழுவதையும் கும்பினியாரிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே தம் வசம் வைத்துக்கொண்டிருந்த அந்த மன்னர், வழிப்போக்கர் அனைவருக்கும் சத்திரங்களில் அன்னம் இடப்படுவதையும், வேதம் ஓதுவிக்க ஆசிரியர்களும் சிறுவர்களுக்கு எழுத்தறிவிக்க உபாத்தியாயரும் நோயுற்றோரைக் கவனிக்க வைத்தியரும் அங்கே அமர்த்தப்பட்டிருப்பதையும், அநாதைக் குழந்தைகள் பாதுகாக்கப்படுவதையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, அந்தத் தர்மங்கள் குறைவின்றி நடந்துவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆட்சி கைவிட்டுப் போன நிலையிலும் அவர் காத்துக்கொள்ள விரும்பியவற்றுள் பிள்ளைகள் படிக்கும் திண்ணையும் ஒன்றாக இருந்தது என்பது தஞ்சை நாட்டார் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

அந்தக் கடிதத்தில் நான் பெரிதாக மதிப்பது அதன் முறை. என்ன காரியம் நடக்கிறது, யார் யார் அதனால் பயன் அடைகிறார்கள், அது நின்றுபோனால் யாருக்குக் கஷ்டம் என்பதை முதலில் கணக்காகச் சொல்லிவிட்டு, அதன் பிறகே மன்னர் தம் வேண்டுகோளை வைக்கிறார். பள்ளிக்கூடத்துக்காக அரசாங்கத்திடம் பணமோ சட்டமோ கேட்கப் போகிறவர்களுக்கு, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும், இதைவிடச் சிறந்த வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அப்படிக் கேட்க வேண்டியவர் யார்? ஒரத்தநாட்டுப் பக்கத்திலோ திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலோ உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்றால், அதைச் சென்னைக் கோட்டையின் செவியில் விழும்படி சொல்லும் உரிமையும் கடமையும் யாருடையவை?

அமெரிக்க நாட்டில் இந்தக் கேள்விக்கு நேரான விடை உண்டு. அங்கே ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வாரியத்தின் கீழ், சொத்து வரியில் ஒரு பங்கைத் தாமே பெற்றுத் தாமே செலவிடும் ஸ்தாபனங்கள். மாநிலச் சட்டசபை கூடுவதற்கு முன்பே, இந்த ஆண்டு எந்த மசோதாவை ஆதரிக்கிறோம், எதை எதிர்க்கிறோம், எதற்கு எவ்வளவு மானியம் வேண்டும் என்று வாரியம் கூடித் தீர்மானித்து, அதை எழுத்து மூலமாகப் பிரதிநிதிகளிடம் கொடுத்து, குழுக்களின் முன் நேரில் சென்று வாதாடுவது அங்கே வழக்கம். நம் நாட்டிலும் கல்வி மாவட்டம் என்ற பெயர் இருக்கிறது. தஞ்சாவூர் ஒரு கல்வி மாவட்டம். ஆனால் அது நிர்வாகப் பிரிவு மட்டுமே. அதன் தலைமையில் இருப்பவர் அரசாங்க உத்தியோகஸ்தர். மேலிடத்து உத்தரவைக் கீழே கொண்டு வருவது அவர் வேலை. கீழே உள்ளவர்களின் குறையைச் சட்டசபையில் வாதாடுவது அவருக்கு விதிக்கப்பட்டதுமன்று, அனுமதிக்கப்பட்டதுமன்று.

முன்பெல்லாம் இப்படி இருந்ததில்லை. சத்திரங்களையும் அவற்றின் நிலங்களையும் பின்னாளில் பரிபாலித்தது மாவட்ட அளவிலான ஸ்தல ஸ்தாபனமாகிய ஜில்லா போர்டு. சாலை போட்டதும், ஆஸ்பத்திரி வைத்ததும், பள்ளிக்கூடம் நடத்தியதும் அதுவே. ஒரத்தநாட்டுப் பக்கத்து முதியவர்கள் சிலர் இன்றும் உயர்நிலைப் பள்ளியைப் ‘போர்டு ஸ்கூல்’ என்று சொல்வதைக் கேட்கலாம். 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், ஸ்தல ஸ்தாபனங்கள் கல்விக்கென்று தனியாக வரி விதிக்கவும், அப்படித் திரளும் தொகைக்கு ஈடாக அரசாங்கம் தன் பங்கைச் சேர்க்கவும் வழி செய்தது. ஊரார் ஒரு ரூபாய் போட்டால்தான் சர்க்கார் ஒரு ரூபாய் போடும் என்ற ஏற்பாட்டில், ஊராருக்குக் கணக்குக் கேட்கும் பாத்தியதையும் சேர்ந்தே வந்தது. நகராட்சிகளின் வீட்டு வரியில் இன்றும் கல்வி வரி என்று ஒரு கூறு இருக்கிறது. அதைக் கட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பணம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று என்று கேட்டிருக்கிறார்கள்?

ஜில்லா போர்டின் கையில் பணப் பையும் பேசும் வாயும் ஒருங்கே இருந்தபோது என்ன நடக்கக்கூடும் என்பதற்குச் சர் ஏ. டி. பன்னீர்செல்வத்தின் காலம் உதாரணம். நீதிக் கட்சியைச் சேர்ந்த அந்தப் பாரிஸ்டர் 1920களில் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, வடமொழிக் கல்விக்கே உரியதாயிருந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் கற்பிக்கப்பட வேண்டும் என்று முனைந்து நின்று, தமிழ் வித்துவான் வகுப்பை ஏற்படுத்தினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் உமாமகேசுவரனார் அதற்குத் துணை நின்றார். ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் சத்திர வருமானத்தைக் கொண்டு, பிராமணரல்லாத ஏழை மாணவர்களுக்கும் உண்டியும் உறையுளும் கிடைக்கும்படி விடுதிகள் அமைந்தன. மராட்டிய மன்னர்கள் யாத்திரிகருக்காக விட்டுச் சென்ற நிலத்தின் விளைச்சல், உழவர் வீட்டுப் பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் படிப்பதற்கு உதவியது. அந்த ஏற்பாடு மேலிடத்து உத்தரவால் பிறந்ததன்று. தஞ்சையில் இருந்துகொண்டு தஞ்சையின் தேவையை அறிந்தவர்கள் விவாதித்து, எதிர்ப்பைச் சமாளித்துச் செய்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜில்லா போர்டிலும் தாலுகா போர்டிலும் உட்கார்ந்தவர்களில் மிராசுதார்களே மிகுதி. சேரிப் பிள்ளைகளும் பண்ணையாட்களின் பிள்ளைகளும் பள்ளிக்கூட வாசலை மிதிப்பது அரிதாக இருந்த தேசம் இது. நஞ்சை வளம் கொழித்த அளவுக்கு அந்த வளத்தை விளைவித்தவர்களின் வீட்டில் எழுத்து நுழையவில்லை. ஆகையால், பள்ளிக்காகப் பேச ஒரு ஸ்தாபனம் இருந்தால் மட்டும் போதாது. அந்த ஸ்தாபனத்தில் யார் உட்காருகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

உட்கார இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் இதே காவிரி டெல்டா காட்டியிருக்கிறது. 1952ஆம் ஆண்டில், தஞ்சைப் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்பளிக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது ராஜாஜியின் அரசாங்கம். அதே அரசாங்கம் அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், நகரங்களுக்கு வெளியே உள்ள தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு என்றும், எஞ்சிய நேரத்தில் அவர்கள் வீட்டுத் தொழிலையோ ஊர்த் தொழிலையோ பழகலாம் என்றும் ஒரு திட்டத்தைக் கொண்டு வந்தது. கையிலிருக்கும் பணத்தையும் ஆசிரியர்களையும் கொண்டு கூடுதலான பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கலாம் என்ற வாதத்தில் நிர்வாகக் கணக்கு ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் பண்ணையாளின் மகன் பழகக்கூடிய வீட்டுத் தொழில் எதுவென்று தஞ்சை ஜில்லாவில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குலக்கல்வித் திட்டம் என்று அதை எதிர்த்தவர்கள் பெயரிட்டார்கள். சட்டசபையில் கடும் விவாதம் நடந்தது. வெளியே பெரியாரின் இயக்கம் போராட்டத்தில் இறங்கியது. 1954 மார்ச்சில், அன்று தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த நாகப்பட்டினத்திலிருந்து, திட்டத்தை எதிர்த்து ஒரு படை கால்நடையாகச் சென்னைக்குப் புறப்பட்டது. ராஜாஜி பதவி விலகினார்; ஏப்ரல் 13ஆம் தேதி காமராஜர் முதலமைச்சரானார்; மே மாதத்தில் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார். கல்வித் திட்டத்தில் பேச அழைக்கப்படாதவர்கள் நடந்து சென்றாவது பேசிவிடுவார்கள் என்பதற்கு நம் சரித்திரத்தில் இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

காமராஜர் காலத்தில் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் வேறொரு வழி பிறந்தது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்ற பெயரில், ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள பள்ளிகளின் தேவைகளை ஊரார் முன்னிலையில் பட்டியலிடச் செய்தார். இத்தனை பெஞ்சு, இத்தனை கரும்பலகை, இன்ன இடத்தில் சுற்றுச் சுவர் என்று எழுதப்பட்ட பட்டியலைப் பார்த்து, நிலம் உள்ளவர் நிலமும், மரம் உள்ளவர் மரமும், ஒன்றும் இல்லாதவர் உடலுழைப்பும் கொடுத்தார்கள். மதிய உணவும் முதலில் ஊரார் அரிசியில்தான் வெந்தது. பிறகு சாப்பாடு ஒன்றுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசை அரசாங்கமும் நாலு காசை ஊரும் ஏற்றன. அந்த மாநாடுகளில் நன்கொடையைக் காட்டிலும் பெரிய காரியம் அந்தப் பட்டியல்தான் என்பது என் அபிப்பிராயம். பள்ளிக்கு என்ன வேண்டும் என்பதை முதல் தடவையாக ஊர் அறிந்தது. அறிந்ததால் கேட்க முடிந்தது.

அதற்குப் பின் ஏற்பட்ட மாறுதல்களை விரைவாகவே சொல்லிவிடலாம். 1950களின் இறுதியில் ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டன. தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் வசம் வந்தன. 1981 ஜூன் முதல் அவற்றின் ஆசிரியர்கள் அரசு ஊழியரானார்கள். மாதச் சம்பளத்துக்கு ஒன்றிய அலுவலகத்தின் தயவை நாடி நின்றவர்களுக்கு அது பெரிய விடுதலை; அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியல் சாசனத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்ற பெயர்ப் பலகை மட்டும் அப்படியே இருக்க, பள்ளியின் பணமும் அதிகாரமும் ஊரிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து ஓரளவு டில்லிக்கும் நகர்ந்துவிட்டன.

ஊருக்கும் பள்ளிக்கும் நடுவே அறுந்துபோன இழை என்ன விலை வாங்கும் என்பதைக் கும்பகோணம் அறியும். 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி, ஆடி வெள்ளிக்கிழமை காலையில், ஒரே கட்டடத்தில் நடந்துவந்த தனியார் பள்ளிகளின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, மேலே கீற்றுக் கூரையின் கீழ் வகுப்பில் இருந்த பிள்ளைகளைச் சூழ்ந்துகொண்டது. இறங்கி வர இருந்தது ஒரு குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் கொடுக்க அதிகாரி இருந்தார். கட்டடத்துக்குச் சான்று கொடுக்க அதிகாரி இருந்தார். ஆய்வு செய்ய அதிகாரி இருந்தார். பிள்ளையைக் காலையில் கொண்டு வந்து விட்டுப் போன பெற்றோருக்கு மட்டும், இந்தக் கூரையை மாற்றுங்கள் என்று உரிமையோடு எழுதிக் கொடுக்கவோ, எழுதியதற்குப் பதில் கேட்கவோ சட்டத்தில் இடம் இல்லை.

விபத்துக்குப் பிறகு மாநிலமெங்கும் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. கும்பகோணத்தை முன்வைத்து உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2009 ஏப்ரல் 13ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கல்வி உரிமை என்பதில் பாதுகாப்பான கட்டடத்தில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்றும், இந்தியாவின் ஒவ்வொரு பள்ளியும் தீத்தடுப்பு ஏற்பாடுகளை வைத்தே தீர வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. தேசம் முழுவதற்கும் பொருந்தும் ஒரு விதி காவிரிக் கரையில் ஒரு தெருவின் சோகத்திலிருந்து பிறந்தது. அந்த விதியைக் குழந்தைகள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுப் பெற வழி இல்லாமற்போனதுதான் நெஞ்சை அறுக்கிறது.

அந்தத் தீர்ப்பு வந்த அதே 2009ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஜில்லா போர்டு மறைந்த இடத்தில் வேறொரு ஸ்தாபனத்தை வைத்திருக்கிறது. அதன் 21ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்கள் தொகைக்கேற்ற இடம் வேண்டும். மிராசுதார் போர்டின் குறையை இந்த வாசகம் நேராகத் தொட்டுத் திருத்துகிறது. தமிழ்நாட்டில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டில் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களும் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார்கள். நான் அறிந்த குழுக்களில் தலைவராக இருப்பவர் பெரும்பாலும் ஒரு தாய்.

குழு என்றால் சுதந்திர தினத்துக்கு மிட்டாய் வாங்கவும், குடிநீர்த் தொட்டியைக் கழுவவும், ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடவும் ஏற்பட்டது என்ற எண்ணம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. சட்டம் சொல்வது அதுவன்று. 22ஆம் பிரிவு, குழுவே பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுத வேண்டும் என்கிறது. எழுதிய அந்தத் திட்டத்தையே அடிப்படையாகக் கொண்டு அரசாங்கமும் உள்ளாட்சியும் தங்கள் திட்டங்களையும் மானியங்களையும் வகுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது வாசகம் சாமானியமானதன்று. நடவுக்குப் போகும் ஒரு தாயின் கையெழுத்து, கோட்டையில் எழுதப்படும் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஆதாரமாக வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. 2010ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்படி, நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்னதாக, அதாவது டிசம்பர் இறுதிக்குள், மூன்று ஆண்டுகளுக்கான திட்டமாக அது தயாராக வேண்டும். வகுப்பு வாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர் கூடுதலாக வேண்டும், என்ன கட்டட வசதி, எவ்வளவு பணம் என்பவை அதில் இருக்க வேண்டும்.

டெல்டாவுக்கு அந்தத் தவணை மிகவும் பொருத்தமானது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எந்த அறை ஒழுகிற்று, வளாகத்தில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, கழிப்பறைக்குப் போகும் வழி எந்த இடத்தில் சேறானது என்பதெல்லாம் கண்ணெதிரே நிற்கும் மாதம் மார்கழி. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தின் அருகே கரையேறி இந்தச் சீமையைச் சூறையாடிச் சென்ற பிறகு, எது பறந்தது எது நின்றது என்று கணக்கெடுக்க யாருக்கும் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தை அறுவடை தொடங்கிவிட்டால் ஊரில் ஒருவரையும் கூட்டத்துக்குப் பிடிக்க முடியாது. ஆகவே மார்கழியின் முதல் பாதியிலேயே எழுதிவிட வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் ஒரு முறை நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். மழையில் சுவரெல்லாம் பாசி பிடித்திருந்த ஒரு தொடக்கப் பள்ளி. பிற்பகல் கூட்டத்துக்கு நாலு பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர்கள் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்தால் அரை நாள் கூலி போகும் என்பது அவர்கள் கணக்கு. அது நியாயமான கணக்கு. தலைவராக இருந்த அம்மாள் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“போன வருஷமும் இதையேதானே சார் எழுதினோம்? ‘பள்ளிக்குக் கட்டடம் தேவை’ன்னு. கிணத்துல போட்ட கல்லாட்டம் கெடக்கு. இன்னொரு தடவ எழுதுனா மட்டும் கட்டிடுவாங்களா?”

தலைமை ஆசிரியர் பொறுமையாகப் பதில் சொன்னார்: “அப்படி எழுதுனா யாரு வேணுமானாலும் தள்ளி வச்சிடலாம்மா. மேக்கால ரூமு, ஓடு எத்தன உடைஞ்சிருக்கு, அதுல எத்தன புள்ளைங்க உக்காருது, மழையில எத்தன நாளு வராண்டாவுல ஒக்காந்து படிச்சுதுன்னு எழுதுவோம். அதத் தள்ளி வைக்கணும்னா அவங்களும் காரணம் எழுதியாகணும்.”

பிறகு எல்லாருமாக எழுந்து அந்த அறைக்குப் போய் ஓடுகளை எண்ணினார்கள். கூட்டம் மாலை ஆறு மணிக்கு மேல் நடந்தால் எல்லாரும் வருவார்கள் என்று ஒருவர் சொல்ல, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கேட்பதன் கலை முழுவதும் அந்த அறையில் நடந்து முடிந்துவிட்டதாக எனக்குப் பட்டது.

ஓடும் சுவரும் எளிய காரியம். இந்தச் சீமையின் பள்ளிகள் கேட்க வேண்டிய பெரிய காரியம் வேறொன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர், 120 வரை நால்வர் என்று தலையெண்ணிக்கையை வைத்து ஆசிரியரை அளக்கிறது. டெல்டாவின் ஊர்களோ வாய்க்காலுக்கு வாய்க்கால் சிதறிக் கிடக்கும் சிறு தெருக்கள். தனியார் பள்ளி வேன் தெருமுனை வரை வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் இந்நாளில், பல ஒன்றியப் பள்ளிகளில் எஞ்சியிருப்பது இருபது முப்பது பிள்ளைகள். வகுப்புகள் ஐந்து, ஆசிரியர் இருவர். தலைமை ஆசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்புக்கும் ஒருவர். ஆசிரியர் போதவில்லை என்று பெற்றோர் பிள்ளையை மாற்றுகிறார்கள். பிள்ளை குறைந்ததால் ஆசிரியர் கூடுவதில்லை. இந்தச் சுழலை எந்த ஓர் ஊரும் தனியாக உடைக்க முடியாது. சட்டத்தின் அட்டவணை குறைந்தபட்ச அளவையே சொல்கிறது. அதற்கு மேல் கொடுக்க மாநில அரசுக்குத் தடை ஏதும் இல்லை. சிறிய பள்ளிகளில் தலையை மட்டும் எண்ணாமல் வகுப்பையும் எண்ணி ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் குழுக்கள் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றினால், அது தனி ஊரின் மனுவாக இராது. காவிரிப் படுகையின் மகஜராக இருக்கும்.

பணத்தின் வழியையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். சமக்ர சிக்ஷா என்ற ஒருங்கிணைந்த திட்டம் 2018 முதல் நடக்கிறது. அதன் செலவில் 60 பங்கை மத்திய அரசும் 40 பங்கை மாநில அரசும் ஏற்கின்றன. பள்ளி மானியம் என்று ஆண்டுதோறும் வருவது இந்தக் கணக்கிலிருந்துதான்: 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். பத்தாயிரம் ரூபாயில் ஓர் ஆண்டு முழுவதற்கும் சாக்கட்டியும் பதிவேடும் துடைப்பமும் பினாயிலும் வாங்கி, குழாயும் மின்விசிறியும் பழுது பார்க்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், எந்தத் தலைமை ஆசிரியரும் தம் சட்டைப் பையிலிருந்து செலவிடாமல் பள்ளி நடத்துவதில்லை என்பது புலப்படும்.

2024-25ஆம் ஆண்டில் இந்தத் திட்டத்தின்படி தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்தியப் பங்கு 2,152 கோடி ரூபாய். புதிய தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் நிபந்தனை கொண்ட பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திடவில்லை என்ற காரணத்தால் அந்தத் தொகை வரவில்லை. இருமொழிக் கொள்கையை விட்டுக்கொடுக்க முடியாது என்றது மாநிலம். ஒப்புக்கொண்டபடி கையெழுத்திட வேண்டும் என்றது மத்திய அரசு. 2025 மே மாதம், வட்டியோடு 2,291 கோடி ரூபாய் கேட்டுத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு கொடுக்க வேண்டிய பங்கைக் கல்விக் கொள்கையோடு பிணைக்கத் தேவையில்லை என்று கூறியது. கொள்கையைப் பற்றி அவரவர்க்கு அபிப்பிராயம் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் சட்டம் பிள்ளைக்குக் கொடுத்த உரிமையை, இரண்டு அரசாங்கங்களின் கையெழுத்துக்குப் பணயமாக வைப்பது தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தத் தகராறு கோட்டையில் நடந்தது. அதன் சுமை சிறப்பாசிரியரின் சம்பளத்திலும், மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பயிற்சியிலும் வந்து இறங்கியது. அந்த நாட்களில் பெற்றோரின் குழுக்கள் ஒவ்வொன்றும் ஒரு வரித் தீர்மானமாவது நிறைவேற்றி இரண்டு அரசாங்கங்களுக்கும் அனுப்பியிருந்தால், வழக்கின் கட்டுகளில் பிள்ளைகளின் பெற்றோரும் பேசியிருப்பார்கள்.

அரசாங்கம் செவிசாய்ப்பதே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 2023 ஆகஸ்டு 25ஆம் தேதி, நாகை மாவட்டத்துத் திருக்குவளையில், காலை உணவுத் திட்டம் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. அதிகாலையில் நடவுக்குப் போகும் தாய்மார் உள்ள இந்தச் சீமையில் அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. 2025-26ஆம் ஆண்டுக்குப் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கப்பட்ட தொகை 46,767 கோடி ரூபாய். மிகப் பெரிய தொகைதான். அதன் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போய்விடும். எஞ்சியதை எங்கே முதலில் செலவிடுவது என்பது யார் தெளிவாகக் கேட்கிறார்களோ அவர்களைப் பொறுத்தது. சட்டசபையில் பள்ளிக் கல்விக்கான மானியக் கோரிக்கை 43ஆம் எண்ணில் வரும். அன்று எழுந்து பேசும் உறுப்பினர் கையில் தம் தொகுதிப் பள்ளிகளின் திட்டங்கள் இருந்தால் அவர் பேச்சே வேறாக இருக்கும். அவருடைய தொகுதி மேம்பாட்டு நிதியாகிய ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாயில் வகுப்பறை கேட்கவும் அதே தாள் உதவும். சட்டசபையின் மனுக்கள் குழுவுக்குப் பொதுமக்கள் யாரும் எழுதலாம். கிராம சபையில் பள்ளியைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றலாம். ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது.

ஆகையால் டெல்டாவின் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற மார்கழியில் உங்கள் பள்ளியின் மேம்பாட்டுத் திட்டத்தை எழுதும் கூட்டம் எந்த நாள் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். வயல் வேலை முடிந்து எல்லாரும் வரக்கூடிய நேரத்தில் அதை வைக்கச் சொல்லுங்கள். கையெழுத்திடும் முன் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையும், பள்ளியை அடையாளம் காட்டும் 11 இலக்க யுடைஸ் எண்ணும், எதற்கு எவ்வளவு பணம் என்பதும் அதில் இருக்கட்டும். ஒரு படியை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மற்றொரு படியைப் பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் சேர்ப்பியுங்கள். அடுத்த மார்கழியில், போன ஆண்டு கேட்டதில் எது வந்தது, எது வரவில்லை, வராததற்கு என்ன காரணம் எழுதினார்கள் என்பதையே கூட்டத்தின் முதல் பொருளாக வையுங்கள்.